வாதத்துக்குத் திங்கள், கபத்துக்குப் புதன்

மங்கையர்க்கரசி போர்ட் பிளேரில் ஒரு பெண்கள் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியை. வயது நாற்பத்தொன்று, கல்யாணம் ஆகவில்லை. 1966-ல் கப்பலில் வந்தவருக்கு மரைன் ஹில்லில் அரசுக் குடியிருப்பு கொடுத்தார்கள்: இரண்டு அறை, தகரக் கூரை, மரப்பலகை வராந்தா. பள்ளி விட்டு வந்தால் மறுநாள் மணி அடிக்கும்வரை அவர் வாய் திறக்க அவசியமே இருக்காது.

மூன்றாம் வருஷம் அந்த வராந்தாவில் பெண்களுக்கு யோகா சொல்லித்தர ஆரம்பித்தார். வாரம் மூன்று நாள், காலை ஆறு மணிக்கு. ஏழு பேர் வந்தார்கள். வாசலில் ஏழு ஜோடிச் செருப்பைப் பார்த்த அன்று அவர் இரண்டு தடவை டீ போட்டார்.

ஏழு பேரில் இருவர் எப்போதும் சேர்ந்தே மேடேறி வருவார்கள். ஒருத்தி இந்திராணி, ஓவர்சியரின் மனைவி, பூசினாற்போல் உடம்பு. இன்னொருத்தி அஸ்மா, பஜாரில் துணிக்கடை வைத்திருந்த காதரின் மனைவி, ஈர்க்குச்சி போல் இருப்பாள்.

ஒருநாள் வேகமாகப் பத்துச் சூரிய நமஸ்காரம் முடித்ததும் அஸ்மா தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். அதே வாரம், உட்கார்ந்து, குனிந்து கால் விரலைப் பிடித்தபடி நிதானமாக மூச்சு விடச் சொன்னபோது இந்திராணி குறட்டை விட்டாள்.

"இந்த ஆசனம் அருமையா இருக்கு டீச்சர். டெய்லி இதையே போடுங்களேன்" என்றாள் விழித்ததும்.

மங்கையர்க்கரசியின் அப்பா ஆயுர்வேத வைத்தியர். உடம்புவாகு பார்க்க மகளுக்கும் தெரியும். பசி, தூக்கம், வியர்வை என்று ஒவ்வொருத்தியையும் கேட்டு நோட்டில் எழுதி, ஏழு பேரையும் மூன்று நாளுக்குப் பிரித்தார். வாத உடம்புக்கு மெதுவான ஆசனங்கள், நீண்ட ஓய்வு, திங்கள். கபத்துக்கு விடாத அசைவு, வேக மூச்சு, புதன். பித்தத்துக்கு நாக்கைக் குழலாக மடித்துக் காற்றை இழுக்கும் சீதளி, வெள்ளி. எந்த வைத்தியரும் அதில் குறை சொல்லியிருக்க முடியாது.

முதல் திங்கட்கிழமை யாரும் வரவில்லை. புதனன்று இந்திராணி மட்டும் வந்தாள். இருபது நிமிஷத்தில் வேலையிருக்கிறது என்று கிளம்பினாள். மூன்றாம் வாரம் அந்த வராந்தாவில் அவருடைய பாய் மட்டும்தான் விரித்திருந்தது.

அந்தச் சனிக்கிழமை அவர் பஜாருக்கு, காதரின் கடைக்கு இறங்கிப் போனார்.

"வாங்க டீச்சர், தலைசுத்தெல்லாம் போயிருச்சு" என்று அஸ்மா ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"அப்ப ஏம்மா வரலே?"

"எனக்குத் திங்கள், இந்திராணி அக்காவுக்குப் புதன்னுட்டீக. அக்கா கூடன்னாத்தான் எங்க வீட்டுக்காரவுக என்னய மேட்டுக்கு விடுவாக."

"அன்னைக்கே சொல்லக் கூடாதா?"

"நீங்க நோட்டும் பேனாவுமா ஒக்காந்திருந்தீக, என்னத்தச் சொல்ல? நம்ம பேச்சுச் சத்தம் டீச்சருக்கு ஆகலை போல, அதான் பிரிச்சுவிடுறாகன்னு அக்காதான் சொன்னாக."

மங்கையர்க்கரசிக்கு முகம் சுண்டிப்போயிற்று. "திங்கள்லேர்ந்து எல்லாரும் ஒண்ணாவே வாங்க. ஒரே வரிசை. நீ மெதுவாப் பண்ணு, இந்திராணி வேகமாப் பண்ணட்டும்."

"அக்கா இல்லையே டீச்சர்! ஓவர்சியருக்குக் கட்சால் தீவுக்கு மாத்தல். புதன்கிழமை கப்பல்ல போயிட்டாக."

"மத்தவங்க?"

"ஒருக்கா விட்டுப்போச்சுன்னா அவ்வளவுதான். கதம்."

கடைக்குள்ளே காதர் துணி அளந்துகொண்டிருந்தார். மங்கையர்க்கரசி அவர் முன்னால் போய் நின்றார்.

"காதர் பாய், நானே வந்து அஸ்மாவைக் கூட்டிட்டுப் போறேன். நானே திரும்பக் கொண்டுவந்து விடறேன். அனுப்புவீங்களா?"

"மழையில அம்புட்டு மேடு ஏறி எறங்கணுமே. ஒங்களுக்கு எதுக்கு டீச்சரம்மா இந்த வம்பு?"

"அனுப்புவீங்களா, மாட்டீங்களா?"

காதர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "டீக் ஹை, அனுப்புறேன். ஏழரைக்குள்ள வந்துரணும்."

வகுப்பு அரை மணி நேரம்தான். ஒன்றரை வருஷம், அஸ்மாவுக்கு வயிறு பெரிதாகி மேடேற முடியாமல் போகும்வரை, மங்கையர்க்கரசி வாரம் மூன்று நாள் குடையோடு அந்த மேட்டில் இரண்டு தடவை இறங்கி இரண்டு தடவை ஏறினார். முதல் இறக்கமும் கடைசி ஏற்றமும் தனியாக.