மாமியின் செவ்விளநீர்

இளநீர் சீவும் பச்சை மணம் முற்றத்திலிருந்து வந்தது. என் சிறுநீரகம் பழுதென்று கேள்விப்பட்டு வந்த மச்சாள், கையில் கத்தியோடு நின்றாள். அவள் மாமியின் மகள். கேட்கவும் வேண்டுமா?

எண்பதுகளின் தொடக்கத்தில், வட்டக்கச்சியில், அம்மாவுக்கும் இதே சிறுநீரக வருத்தம்தான். உப்பில்லாத சொதிக்குத் தேசிக்காய்ப் புளி பிழிந்துகொள்வார். மரக்கறியை அவித்து, அந்த நீரை வாழையடியில் ஊற்றிவிட்டுத்தான் கறி வைப்பார். இளநீர் கூடவே கூடாது. அதிலுள்ள பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஆனால் வருத்தம் பார்க்க வந்த எல்லாருடைய கையிலும், சூடு தணியுமென்று, இளநீர்தான்.

அப்பாவின் அக்கா, எங்கள் மாமி, விசுவமடுவிலிருந்து ஒரு செவ்விளநீர்க் குலையே சுமந்து வந்தார். தானே வெட்டிச் செம்பில் வார்த்து நீட்டினார்.

"டொக்டர் வேண்டாமெண்டவர், மச்சாள்," என்றார் அம்மா மாமியிடம்.

"டொக்டருக்கு என்ன தெரியும்? நான் சுமந்து வந்ததை வேண்டாமெண்டுறியோ?"

அம்மா செம்பை வாங்கி, மாமியின் கையிலேயே திருப்பி வைத்தார்.

"வெயிலுக்குள்ளால வந்தனீங்கள், நீங்கள் குடியுங்கோ. உங்கட மனம் நோகக்கூடாதெண்டு நான் சாகேலாது."

மாமி கோபித்துக்கொண்டு போனவர்தான். பல வருடங்களுக்குப் பிறகு என் கலியாணத்துக்கு வந்தார். வாசலில் நின்று வரவேற்றது அம்மா.

இப்போது மச்சாளும் செம்பை நீட்டினாள். வாங்கி, அவள் கையிலேயே வைத்தேன்.

"நீ குடி. கோவமெண்டால் போ. ஆனால் என்ர பேத்தியின்ர கலியாணத்துக்கு வா. வாசலிலை நான் நிப்பன்."