கை என்னுடையது, குரல் அவருடையது

லிட்டில் இந்தியாவில், பயணப்பெட்டிக் கடை ஒன்றின் மாடியில் அந்தப் பயிற்சி மையம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிலாளர்களுக்குக் கணினி வகுப்பு எடுப்பார்கள். நிரல் எழுதுவதைத் தமிழில் கற்றுத்தரும் காணொளிகள் தயாரிக்க ஒரு டெவலப்பர் தேவை என்று அறிவித்திருந்தார்கள். விண்ணப்பித்தேன். சம்பளம், நேரம், தூரம் மூன்றிலும் அது என் பழைய வேலையைவிட மட்டம். நான்காவதாக ஒன்று இருந்தது, அதற்காகத்தான் போனேன்: பாடம் என் குரலில் வரும். நான் படித்த காலத்தில் கேட்ட குரல்கள் எல்லாம் ஆண்களுடையவை. ஒன்றுகூடத் தமிழ் பேசவில்லை.

மாதிரிக்கு முதல் பாடத்தைக் கேட்டார்கள். புக்கிட் பாஞ்சாங் வீட்டில் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, மேல்வீட்டில் சுவர் துளைக்கும் டிரில் ஓயும்வரை காத்திருந்து பதிந்தேன். திரையில் நான் தட்டும் நிரல் தெரியும், கூடவே என் விளக்கம் கேட்கும். இரண்டாம் பாடத்தில் பேச வேண்டியதையும் எழுதி அனுப்பினேன்.

பதில் வரவில்லை. பாடம் மட்டும் அவர்கள் இணையதளத்தில் வந்துவிட்டது. ஒரு வரியைச் சொல்வதற்கு முன் கர்சரை அதன் கீழ் ஓட்டிக் காட்டுவது என் பழக்கம். கர்சர் அப்படியே ஓடியது. பேசியது ஓர் ஆண். என் வாக்கியங்களை, மாப்பிள்ளை வீட்டாரை மண்டபத்துக்குள் வரவேற்கும் தொனியில்.

நேரே போனேன். மையத்தின் உரிமையாளரோடு அந்தக் குரலுக்குரியவரும் இருந்தார். கல்யாணம், தீபாவளிக் கலைநிகழ்ச்சி எல்லாம் மைக் பிடித்துத் தொகுத்து நடத்திக்கொடுக்கும் எம்சி.

"உக்காரும்மா. வீடியோ பாத்தியா? நல்லா வந்துருக்குல்ல?" என்றார் உரிமையாளர்.

"என் குரல் எங்க சார்?"

"கோவப்படாத லா. உன் குரல் சின்னப்புள்ள மாதிரி இருக்கு. நம்ம பசங்க பொம்பளப்புள்ள சொன்னா கேக்க மாட்டாங்க."

"கேட்டுப் பாத்தீங்களா?"

"இதுக்கெல்லாம் சர்வே எடுப்பாங்களா? நீ டைப் பண்ணு, இவர் பேசுவாரு. வேலை உனக்குத்தான், கன்ஃபர்ம்."

எம்சி சிரித்தார். "ஸ்கிரிப்ட் சூப்பர் சிஸ். நான் கொஞ்சம் உயிர் குடுத்துருக்கேன், அவ்வளவுதான்."

"அதுக்கு முன்னாடி செத்துக் கிடந்துச்சா?"

அவர் சிரிப்பை நிறுத்தவில்லை. "அப்ப ரெண்டாவது பாடத்த இப்பவே எடுக்கலாம்," என்றேன். உரிமையாளரே மைக்கை எடுத்து வைத்தார்.

இரண்டாம் பாடத்தில் வேண்டுமென்றே ஒரு பிழை விடுவேன். புதிதாகக் கற்பவர்கள் பிழையைச் சொல்லும் சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் கணினியை மூடிவிடுகிறார்கள். மூடாமல் அந்த எழுத்தைப் படிக்கச் சொல்லித் தருவதுதான் அந்தப் பாடம். அந்த இடத்தில் எனக்கு நானே ஒரு குறிப்பு எழுதியிருந்தேன்.

எம்சி வணக்கம் சொல்லித் தொடங்கினார். அவர் வாசிக்க வாசிக்க நான் தட்டினேன். "இப்போது இதை ஓட்டிப் பார்ப்போம்," என்றார். ஓட்டினேன். திரையின் கீழ்ப்பாதி சிவந்தது.

"பிழையைப் படித்து விளக்கவும்," என்று அதே கம்பீரத்தோடு வாசித்துவிட்டு, அவர் நின்றார்.

நான் கையை எடுத்துக்கொண்டேன். "விளக்குங்க."

"என்ன சிஸ் இது, செவப்பா?"

"உயிர் குடுங்க."

அவர் உரிமையாளரைப் பார்த்தார். உரிமையாளர் என்னைப் பார்த்தார். "வேணும்னே பண்றியா?"

"பாடமே அதுதான் சார். எழுதிக் குடுத்துருக்கேன்."

"சரி, அவர் காதுல சொல்லு. அவர் சொல்லட்டும்."

"நான் மைக்ல சொல்றேன். இல்லன்னா இல்ல."

"அப்ப இல்ல. உன்ன மாதிரி கோட் அடிக்க ஆயிரம் பேர் கெடைப்பாங்க."

"முதல் பாடத்த எடுத்துடுங்க."

"அனுப்புனது நீதானே? எங்ககிட்ட வந்துட்டா எங்களது."

மடிக்கணினியை மூடிப் பையில் வைத்தேன். எம்சி எழுந்து கதவைத் திறந்துவிட்டார். படியிறங்கினேன்.

முதல் பாடம் இன்னும் அங்கே இருக்கிறது. இரண்டாவது அங்கே வரவே இல்லை. அதை நானே இணையத்தில் வெளியிட்டேன், என் குரலில், நடுவே மேல்வீட்டு டிரில்லோடு. முதல் பாடத்தை அவர்களிடம் பார்த்துவிட்டு அடுத்ததைத் தேடி வந்த ஒருவர் கீழே எழுதியிருந்தார்: "அதுல பேசுன அண்ணன் எங்க? அவர் நல்லா சொல்லுவாரு."

"ஏதாவது கல்யாணத்துல இருப்பாரு," என்று பதில் போட்டேன். "செவப்பு எழுத்து வந்தா இங்க வாங்க."