பிளசர் கொட்டாயில் பாதி

யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனதிலிருந்து அப்பாவின் பிளசர் கார் கொட்டாயை விட்டு வெளியே வரவில்லை. பரமத்தி வேலூர்ச் சந்தையானாலும் நாமக்கல்லில் கல்யாணமானாலும் பழையபடி மாட்டுவண்டிதான். இருந்தாலும் அப்பா காலையில் கொட்டாய்க் கதவைத் திறந்து, காரைத் துடைத்து, அதற்குள் உட்கார்ந்து வெற்றிலை போட்ட பிறகுதான் கொடிக்காலுக்குப் புறப்படுவார். நானும் பக்கத்தில் ஏறிக்கொள்வேன். அசையாத அந்தக் காரில் நான் போகாத ஊர் கிடையாது. கரூர், சேலம், ஒருமுறை சீமைக்கே போய்விட்டு இட்லி சாப்பிடத் திரும்பி வந்திருக்கிறேன்.

கொட்டாய், இரண்டு கார் நிற்கிற அளவுக்கு அகலம். கட்டும்போதே, "ஒண்ணு எனக்கு, ஒண்ணு தம்பிக்கு" என்று அப்பா சொன்னாராம். தம்பிக்குக் கார் வரவில்லை. அந்தப் பாதியில் கோழிகள் குடியேறிவிட்டன.

தம்பி என்பது என் சித்தப்பா. கொடிக்காலில் அவரை விட்டால் வெற்றிலைக் கொடியைப் பார்க்க மாட்டார், அது படர்ந்திருக்கிற மரத்தைப் பார்ப்பார். அதை அறுத்தால் எப்படிப் பலகை விழும் என்று யோசிப்பார். சேலத்துக்குப் போன போதெல்லாம் செவ்வாய்ப்பேட்டை மண்டியில் வெற்றிலையை இறக்கிவிட்டு உளியும் இழைப்புளியுமாக வாங்கி வந்தார். வேலை செய்ய இடமில்லாததால் வீட்டுக்குள்ளேயே இழைத்தார். சோற்றில் மரச்சுருள் கிடந்தது. அவர் செய்த எலிப்பொறி எலியைத் தவிர வீட்டில் எல்லோரையும் பிடித்தது. கடைசியாகப் பிடித்தது அப்பாவின் கட்டைவிரலை.

அந்த நேரம் பார்த்துத்தான் சித்தப்பா, கொட்டாயில் கோழிப் பக்கத்தைத் தடுத்துத் தனக்கு ஒரு பட்டறை வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். விரலில் மஞ்சள் பற்றோடு உட்கார்ந்திருந்தவரிடம் கேட்கிற கேள்வியா அது?

"முடியாது" என்றார் அப்பா. "பண்ணயத்த உட்டுப்போட்டு உளியப் புடிச்சுட்டு உக்காந்தா ஊருல சிரிக்க மாட்டாங்களா?"

"எனக்குன்னு ஒரு எடம் இங்க இல்லீன்னா பரவால்லீங்ணா. சேலத்துல பட்டாளத்துக்கு ஆள் எடுக்கறாங்களாமா. ரிப்பேர் வேல தெரிஞ்சவனுக்கு மரியாதியாமா. போயிப் பேரக் குடுத்துட்டு வாரேனுங்க."

எல்லோரும் அதைக் கோபத்தில் வந்த பேச்சு என்று நினைத்தோம். மறுநாள் தகரப் பெட்டியில் அவர் துணி மடித்து வைத்ததைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. அம்மா கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது சித்தப்பாவுக்கு என் வயதுதான். அம்மா சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போனாள். அப்பா காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டார், வெற்றிலை போடாமல்.

எங்கள் வீட்டில் மூத்தவர் வாயிலிருந்து ஒரு 'முடியாது' விழுந்துவிட்டால் அதை மறுபடி எடுக்க யாருக்கும் அதிகாரமில்லை. சொன்னவருக்கே இல்லை. அம்மனுக்கு மட்டும்தான் உண்டு. ஆகவே அப்பாவே ஒரு வழி சொன்னார்.

"அம்மங்கிட்டப் பூக் கேட்டுப் பாத்தர்லாம். வெள்ள வந்தாப் பட்டற. செவப்பு வந்தா இந்தப் பேச்சு இதோட உட்டுப்போடோணும்."

பூக் கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். வெள்ளரளி ஒன்று, செவ்வரளி ஒன்று, இரண்டையும் தனித்தனியாக வாழையிலையில் பொட்டலம் கட்டி அம்மன் முன்னால் உருட்டிவிடுவார்கள். கள்ளங்கபடமில்லாத ஒரு குழந்தை அதில் ஒன்றை எடுக்க வேண்டும். அப்படி ஒரு குழந்தைக்கு எங்கள் வீட்டில் பஞ்சம். வேறு வழியில்லாமல் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை என்னைக் குளிப்பாட்டும்போதே சித்தப்பா வந்து காதோடு சொன்னார்: "சாமி, பூசாரிகிட்டச் சொல்லி வெச்சிருக்கறேன். வெள்ளப் பூ இருக்கற பொட்டலத்துக்கு நாரு வாலாட்டம் நீளமாத் தொங்கும். அத எடு. பட்டறயில மொத வேல உனக்கு ஒரு மரக்கார்."

"ஓடுமா?"

"உங்கப்பன் கார விட நல்லா ஓடும்."

அதற்கு மேல் எனக்குச் சந்தேகமே இல்லை. கள்ளங்கபடமில்லாத குழந்தையாக முகத்தை வைத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அப்பா எங்களுக்கு முன்பே அங்கே இருந்தார். பூசாரியோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்ததும் தூணைப் பார்க்க ஆரம்பித்தார்.

பூசாரி, யார் என்ன சொன்னாலும் சொன்னபடி செய்கிறவர். கற்பூரம் காட்டி, பொட்டலங்களை உருட்டித் தட்டில் வைத்து, "எடு சாமி" என்றார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். சித்தப்பா தொண்டையைச் செருமினார். நான் குனிந்து பார்த்தேன்.

இரண்டு பொட்டலத்துக்கும் வால் இருந்தது.

நீளமான வால். ஒன்றுக்கொன்று ஓர் இம்மிகூட வித்தியாசமில்லை. நான் சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் 'எடு' என்று கண்ணைச் சிமிட்டினார். மறுபடி தட்டைப் பார்த்தேன். மரக்கார் கண் முன்னால் ஓடியது. சித்தப்பா தகரப் பெட்டியோடு பஸ் ஏறுவதும் ஓடியது. பிற்காலத்தில் பரீட்சைகளில் எந்த விடை சரி என்று தெரியாதபோது இரண்டையுமே எழுதிவைக்கிற என் வழக்கம் அந்த இடத்தில்தான் தொடங்கியிருக்க வேண்டும். இரண்டு கையாலும் இரண்டையும் எடுத்துவிட்டேன்.

"ஐயோ, ஒண்ணுதான் கண்ணு" என்றார் பூசாரி. அவர் அப்பாவைப் பார்த்தார்.

"இருங்க. ரெண்டையும் பிரிச்சுப் பாத்துட்டு வெள்ளயக் குடுக்கறேன்" என்று சொல்லி, ஒரு முடிச்சைப் பல்லால் கடித்தேன்.

அப்பா நிதானமான மனிதர். மழைக்குக்கூட ஓடி ஒதுங்காதவர். அவர் அன்றைக்குத் தட்டையும் கற்பூரத்தையும் ஒரே தாவலில் தாண்டி வந்து, என் வாயிலிருந்த பொட்டலத்தைப் பிடுங்கித் தன் இடுப்பு மடியில் செருகிக்கொண்டார். மூச்சு வாங்கியது.

"கையில மிச்சம் இருக்கறதுதான் அம்மன் வாக்கு. பிரிங்க" என்றார்.

சித்தப்பாவின் முகம் சாம்பலாகிவிட்டது. அண்ணன் வெள்ளையைப் பிடுங்கிக்கொண்டார் என்றே அவர் நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அழுவதற்குத் தயாராக உதட்டைக்கூடப் பிதுக்கிவிட்டேன். பூசாரி முடிச்சை அவிழ்த்தார்.

வெள்ளரளி.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சித்தப்பா என்னைத் தலைக்கு மேல் தூக்கியதில் கோயில் மணியில் இடித்துக்கொண்டேன். மற்றப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. வெள்ளை வந்த பிறகு சிவப்பைப் பார்த்து என்ன ஆகப்போகிறது?

"அம்மன் சொல்லிப்போட்டா. இனி நான் என்ன பண்டறது" என்றார் அப்பா, தோற்றுப்போனவர் குரலில். தோற்றுப்போனவர் வீட்டுக்கு வந்து இரண்டு பேர் சோற்றைச் சாப்பிட்டார். கூரை அதிரக் குறட்டைவிட்டுத் தூங்கினார்.

எழுந்ததும், நல்ல காரியத்தைத் தள்ளிப் போடக் கூடாது என்று அவரே கொட்டாய்க்கு வந்தார். கோழிகளை விரட்டினோம். காரை ஓரமாகத் தள்ளினோம். அதாவது மற்றவர்கள் தள்ளினார்கள், நான் உள்ளே உட்கார்ந்து ஓட்டினேன். மூங்கில் தட்டி வைத்து மறைப்பதற்காகச் சித்தப்பா தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். அப்பா அதைக் காலால் அழித்துவிட்டு, தன் கார்ப் பக்கமாகத் தள்ளி வேறொரு கோடு போட்டார்.

"நெட்டப் பலகய இழைக்கோணும்னா அந்த எடம் பத்துமா? எனக்குக் கதவத் தொறந்து எறங்க எடம் இருந்தாப் போதும்."

"சரிங்ணா" என்றார் சித்தப்பா. தகரப் பெட்டியைக் கொண்டுவந்து, துணிகளைக் கொட்டிவிட்டு உளிகளை அடுக்கினார்.

சாயங்காலம் அம்மா கிணற்றடியில் அப்பாவின் வேட்டியை உதறினாள். நசுங்கிப்போன பொட்டலம் ஒன்று துவைக்கிற கல்லில் விழுந்தது. நான் ஓடினேன். ஒருவழியாகச் செவ்வரளியைப் பார்த்துவிடலாம். அம்மா பிரித்தாள்.

உள்ளே இருந்ததும் வெள்ளரளிதான்.

"செவப்பு எங்கம்மா போச்சு?"

கொட்டாயில், பலகையைக் கோணலாக அடிக்கிறான் என்று அப்பா சித்தப்பாவைத் திட்டுவது கேட்டது. அம்மா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு வாடிய அந்தப் பூவை எடுத்துத் தலையில் செருகிக்கொண்டாள்.

"அம்மன் மாத்திப்போட்டா சாமி. யாருகிட்டயும் சொல்லாத."

அப்படியானால் எந்தப் பொட்டலத்தை எடுத்திருந்தாலும் அப்பாவுக்குத் தோல்விதான். அவருக்கு ஒரு வாய்ப்புக்கூடக் கொடுக்காமல் அம்மன் இப்படிச் செய்திருக்க வேண்டாம் என்று எனக்குப் பட்டது. பாவமாக இருந்தது. மறுநாள் காலை காரில் அவர் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, அவர் மனசு ஆறட்டும் என்று, வழக்கத்தைவிடத் தூரமாக ஓட்டச் சொன்னேன்.