சேற்றில் இறங்கக் காசு: படுவான்கரையில் ஒரு பகல்

வயலில் இறங்குவதற்கு மனிதர் காசு கொடுப்பார்களா என்று பார்க்கத்தான் போனேன். கிரானில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் இருக்கிறது. போன ஐப்பசியில் விதைத்து முடித்த கையோடு, வயல் காவலுக்குக் கட்டிய வாடியிலேயே நெஞ்சு வலித்து என் வீட்டுக்காரர் போய்விட்டார். அந்த நெல்லை அவருடைய தம்பிதான் வெட்டித் தந்தார். இப்போது ஐந்து வருடக் குத்தகைக்குக் கேட்கிறார். ஆனி முடிய முன் பதில் சொல்ல வேண்டும். கெட்ட மனிதர் இல்லை, தனியாக என்ன செய்வீர்கள் என்றுதான் கேட்கிறார். எனக்கும் தெரியவில்லை. அப்போதுதான், மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் ஒரு ஊரில் பெண்கள் சேர்ந்து, சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு வயல் காட்டிக் காசு உழைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். வைகாசி முதல் சனிக்கிழமை புறப்பட்டேன்.

காலை 6.10க்குக் கிரானில் பஸ். மட்டக்களப்புக்கு 120 ரூபாய். அங்கிருந்து கல்முனை பஸ்ஸில் குருக்கள்மடத்துக்கு 100 ரூபாய். எட்டு மணிக்கு இறங்கி, துறைக்குக் கால் மணி நேரம் நடந்தேன். ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவையைத்தான் எங்கள் பக்கம் பாதை என்பார்கள். தண்ணீர் அசையாமல் கிடந்தது. எனக்குப் பக்கத்தில் ஒரு ஆள் கோழிக்கூட்டோடு நின்றார்; கோழிகள்தான் வழி முழுக்கக் கதைத்தன.

அம்பிளாந்துறையில் இறங்கினால் ஓட்டோ. ஆறு கிலோமீற்றர், 600 ரூபாய். எங்கே போகிறேன் என்று கேட்ட ஓட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"நெல்லுப் பாக்கவா வாறயள்? ஒங்கட ஊரில நெல் இல்லயா?"

"இரிக்கி மனே. அங்க சும்மா பாக்கிறம். இஞ்ச காசு குடுத்துப் பாப்பம் எண்டு வந்தன்."

அவர் சிரித்த சிரிப்பில் ஓட்டோ ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியது.

அங்கே எல்லாவற்றையும் பார்க்கிறவள் ரஞ்சி. முப்பத்தைந்து வயது இருக்கும். குவைத்தில் ஆறு வருடம் வீட்டு வேலை செய்து திரும்பியவள். ஏழு பெண்கள் முறை வைத்துச் சமைக்கிறார்கள். பகல் முழுவதற்கும் சாப்பாட்டோடு ஆளுக்கு 2500 ரூபாய். சிறுபோகம் நட்டமான வருடத்திலும் வட்டையை, அந்த வயல்வெளி முழுவதையும், தரிசாக விடாமல் இருந்தது இந்தச் சமையல் காசால்தான் என்றாள். நான் விசாரித்துக்கொண்டே இருந்தேன். மழைக்காலத்தில் யாரும் வருவதில்லை என்பதையும் அவள் மறைக்கவில்லை.

அன்றைக்குக் கொழும்பிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது, நான்கு பேர். வரப்பு கட்டிய ஒரு சின்ன வரவையில் கயிறு கட்டி, நாற்று முடிகளைக் கையில் கொடுத்து நடச் சொன்னார்கள். எனக்கு ஆச்சரியம். எங்கள் பக்கம் நாற்று நடுவதில்லையே, வீசி விதைப்பதுதானே. ரஞ்சியைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன்.

"நாங்களும் விதைக்கிறதுதான் அக்கா. வாறாக்கள் படத்தில கண்டதத்தான் கேக்காங்க. அவங்க போன பிறகு இதப் புடுங்கி எறிஞ்சிருவம்."

களை பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிராமலே சொன்னாள். "சேத்துக்க விழ அவங்க காசு தாறாங்க. நமக்குத் தந்தாத்தான் நாம இறங்குவம். யாருக்குகா விசர்?"

யாருக்குப் பைத்தியம் என்று எல்லோரும் சிரித்தார்கள். என் கண் அடுத்த வரவையில் நின்றது. விதைத்து இருபத்தைந்து நாளான உண்மையான பயிர். சில இடத்தில் அடர்த்தி, கிழக்கு மூலையில் ஒரு பாய் அளவுக்கு மொட்டை. என் வீட்டுக்காரர் விதைத்தாலும் அப்படித்தான். ஒவ்வொரு போகமும் கிழக்கு மூலைக்குக் கை எட்டாமல் விட்டுவிடுவார். நான் ஏசி ஏசி, அடர்த்தியான இடத்தில் பிடுங்கி அங்கே நடுவேன். அவர் கடைசியாக விதைத்த போகத்தில் அந்த மூலையில் யாரும் நடவில்லை. அறுவடையன்று வரப்பில் நின்று பார்த்தேன், அது வெறுமனே கிடந்தது.

"புள்ள, அவங்கள இதுக்க இறக்கன். இடைவெளி நடட்டும். புடுங்கி எறியத் தேவல்ல. அவங்க நட்டது விளையும்" என்றேன்.

ரஞ்சி யோசித்தாள். "நீங்க காட்டுவயளா?"

செருப்பைக் கழற்றினேன். அவர் போன பிறகு நான் வயலில் கால் வைக்கவில்லை. சேறு முழங்கால் வரை இளஞ்சூடாக ஏறியது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் குனிந்தேன். அந்தக் குடும்பத்துத் தாய் என் பக்கத்தில் நின்று, நான் பிடுங்கித் தந்ததை ஒவ்வொன்றாக நட்டார். இது எப்போது வெட்டுவீர்கள், அரிசியை எங்களுக்கு அனுப்புவீர்களா என்று கேட்டார். நட்டதைப் பிடுங்கி எறிகிறவர்கள் இந்தக் கேள்விக்கு என்ன சொல்வார்கள்?

மதியம் இறால், முருங்கையிலைச் சுண்டல், எருமைத் தயிர். காசு கொடுத்தபோது ரஞ்சி வாங்கவில்லை. சட்டிக்குக் கீழே வைத்துவிட்டு வந்தேன்.

போகிறவர்கள் முதல் நாளே சொல்லிவிட்டுப் போங்கள். தொப்பி, மாற்றுடுப்பு வேண்டும். சேற்றில் சப்பாத்து சரிவராது, வெறுங்கால்தான். காற்றுக் கடுமையானால் பாதை ஓடாது, அதனால் நாலு மணிக்குள் துறைக்குத் திரும்புங்கள். அவர்கள் காட்டுகிற வேலை தாங்களும் செய்கிற வேலைதானா என்று கேளுங்கள்.

திரும்பும் பஸ்ஸிலிருந்தே கொழுந்தனுக்குப் போன் எடுத்தேன். குத்தகைக்கு இல்லை, கூலிக்கு விதைத்துத் தந்தால் போதும் என்றேன். "அண்ணி, எனக்கும் அண்ணன்ட கைதான். கிழக்கு மூல மொட்டையாத்தான் விழும்" என்றார்.

விழட்டும் என்றேன். எங்கள் வயலுக்கும் வருகிறவர்களுக்கு நட இடம் வேண்டுமே.