மூடாமல் விட்ட குழி

இதை எழுதினால் சனம் சிரிக்குமே என்று நான்கு வருடங்களாகத் தயங்கினேன். முருகன் காப்பாற்றியதைச் சொல்லாமல் விடுவதும் பாவம் என்று இப்போது எழுதுகிறேன்.

அப்போது நானும் மனைவியும் சென் ஜேம்ஸ் ரவுணில் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் பதினாறாம் மாடியில் இருந்தோம். நிலத்துக்குள் கிடக்கும் பழைய காசுகளைத் தேடும் கருவி ஒன்று வைத்திருந்தேன். அதன் பெரிய வட்டத் தட்டு, கீழே பூங்காவில் ஆட்கள் இருக்கப் போட்ட வாங்கின் இரும்புக் கால்களுக்குக் கிட்டப் போனாலே கத்தும். அதனால் சிறிய தட்டு ஒன்றைத் தேடி எடுத்து, பெரியதைக் கழற்றிவிட்டுப் பூட்டினேன். முதல் நாளே, அந்த வாங்கின் முன்னால் கிண்டியதில் அரசர் தலை போட்ட செப்புக்காசு ஒன்று கிடைத்தது. முதல் காசு சாமிக்கு என்று நேர்ந்திருந்ததால் அப்படியே வீட்டுக்கு ஓடினேன்.

காசைக் கழுவிச் சாமிப் படத்தடியில் வைத்துக் கும்பிடும்போதுதான் குழியை மூடாதது நினைவுக்கு வந்தது. மனைவிக்கு அப்போது ஏழு மாதம். பின்னேரங்களில் அந்த வாங்கில்தான் போய் இருந்து இளைப்பாறுவாள். அன்றும் போய்விட்டாள். லிப்ற் மாடிக்கு மாடி நின்றது. முருகா, முருகா என்றபடியே இறங்கினேன்.

அவள் குழிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"விழுந்திட்டீரோ?"

"கால் சறுக்கினது. வாங்கைப் பிடிச்சிட்டன்."

"பிறகேன் இருக்காமல் நிக்கிறீர்?"

"நான் இருந்தால் இதுக்கு ஆரப்பா காவல்? சின்னப் பிள்ளையள் ஓடுதுகள். காசு சாமிக்கு, குழி எனக்கோ?"

 முழங்காலில் நின்று கையாலேயே மண்ணை அள்ளி மூடினேன்.

இப்போதெல்லாம் குழியை மூடி, காலால் மிதித்து அமர்த்திய பிறகுதான் கையில் இருப்பது என்ன காசு என்று பார்க்கிறேன். இதை மற்றவர்களுக்குச் சொல்கிறவர்கள் என் பிழையைக் குறைக்காமல் உள்ளபடியே சொல்லுங்கள்.