தோணியில் எழுந்து நின்றவர்

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் என்னை மீன் பிடிக்கக் கூட்டிக்கொண்டு போனார். தலவாக்கலைக்குக் கீழே, தேயிலைச் சரிவு போய் முடிகிற இடத்தில் நீர்த்தேக்கம். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த சிங்கள அண்ணன் ஒருவர் தன் தோணியை இரவல் கொடுத்தார். "எழும்பி மட்டும் நிக்காதே மல்லி, புரண்டுவிடும்" என்று என் கணவரைத் தம்பி முறை வைத்துச் சிங்களத்தில் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் அனுப்பினார். எனக்கு நீச்சல் தெரியாது. அது என் கணவருக்கும் தெரியும்.

நடுத்தண்ணீரில் தூண்டில் எதிலோ சிக்கியது. அடியில் மூழ்கிக் கிடக்கும் மரக்கட்டையாக இருக்க வேண்டும்.

"நூல அறுத்து விட்ருங்க" என்றேன்.

"புதுத் தூண்டில்டி. சும்மா இரு."

எழுந்து நின்றார். "ஒக்காருங்க, ஒக்காருங்க" என்று கத்தினேன். இரண்டு கையாலும் இழுத்தார். நூல் அறுந்தது, அவர் பின்பக்கம் சாய்ந்தார், தோணி கவிழ்ந்தது.

அந்தக் குளிரில் மூச்சே நின்றுபோனது. வாய் நிறையச் சேற்றுத் தண்ணீர். கையில் ஏதோ தட்டுப்பட, பிடித்துக்கொண்டேன். கவிழ்ந்த தோணியின் விளிம்பு. தலையை வெளியே நீட்டினால், அவர் சிரித்துக்கொண்டிருக்கிறார்! "நல்லா புடிச்சிக்க" என்று சொல்லிவிட்டு, மிதந்து போன துடுப்பை எடுக்க நீந்திப் போனார். முதலில் துடுப்பு. அதற்குப் பிறகுதான் நான்.

தோணியோடு சேர்த்து என்னைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்து, "என்னாச்சிங்க?" என்றார்கள்.

"இவ பயந்துபோயி ஆடிட்டா. கவுந்துருச்சி."

எனக்குக் குளிரில் பல் கிட்டிப்போயிருந்தது. ஒரு சொல்கூட வெளியே வரவில்லை. அந்த நிமிடத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு எரிகிறது.

மறுநாளே நாங்கள் குடியிருக்கும் தோட்டத்து லயம் முழுக்க அதுதான் பேச்சு. நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள், "டீச்சர், நீங்க தோணிய கவுத்துட்டீங்களாமே?" என்று கேட்டார்கள். "பொம்பளைய ஏத்திக்கிட்டு போனா இப்புடித்தான்" என்றார் மாமியார். கணவர் மறுக்கவில்லை. ஒவ்வொரு தடவை அவர் சொல்லும்போதும் என் அலறல் கொஞ்சம் கூடியது.

நாத்தனார் வீட்டு விருந்தில் சோற்றுக் கையோடு மறுபடி ஆரம்பித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நான் இலையை விட்டு எழுந்தேன்.

"எந்திரிச்சி நின்னது நீங்க. ஒக்காரச் சொல்லிக் கத்துனது நான். நான் தண்ணிக்குள்ள கெடக்கையில துடுப்ப எடுக்கப் போனதும் நீங்கதான். அதையும் சொல்லுங்க."

"வெளையாட்டுக்குத்தானே சொன்னேன்" என்றார், முகத்தைப் பார்க்காமல்.

"நான் அங்க வெளையாடல."

அதன் பிறகு அவர் அந்தக் கதையை எடுப்பதில்லை. என்னிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. வேறு யாராவது பழையபடி சொன்னால், எந்த இடமானாலும், நிறுத்தித் திருத்திவிடுகிறேன். "இன்னுமா கோவம் போகல?" என்று மாமியார் கேட்கிறார். போகவில்லை.