திராட்சைப் பெட்டியின் அடித்தாள்

ஒரு படத்தைப் பார்த்ததும் கோபப்படத் தெரிந்த எனக்கு, அந்தத் தாளைப் பெட்டியில் விரித்தது யார் என்று கேட்க ஏன் தோன்றவில்லை?

எங்கள் திராட்சையை வாங்கும் கம்பத்து வியாபாரி ஓர் இஸ்லாமியர். ஒரு நாள் காலை, உள்ளூர்ச் செய்திப் பக்கம் ஒன்றிலிருந்து என் கைபேசிக்கு ஒரு படம் வந்தது. பழப்பெட்டியின் அடியில், சாறு படிந்த தாளில் பிள்ளையாரின் கேலிச்சித்திரம். ‘சாமி படத்தின் மேல் பழம் கொட்டி அவமதிப்பு’ என்ற தலைப்பின் கீழ் அவருடைய கடை முகவரி. ஊர் வாட்ஸ்அப் குழுவில் முதலில் பகிர்ந்தது நான்தான். மதியத்துக்குள் கடை முன்னால் கூட்டம் கூடி, ஷட்டரை இறக்க வைத்துவிட்டது.

காமயகவுண்டன்பட்டியில் எங்கள் தோட்டத்துக்குப் போய்ச் சித்தப்பாவிடம் படத்தைக் காட்டினேன்.

“ஏத்தா, அவரு என்னைக்குப் பெட்டிக்குள்ள கைய விட்டாரு? பேப்பர் விரிக்கிறது நம்ம ஆளுக. அவரு எடை போட்டு ஏத்திட்டுப் போறதோட சரி.”

பெட்டியில் விரிக்க, விற்காமல் திரும்பிய மலையாளப் பத்திரிகைக் கட்டுகளைத்தான் வாங்குவோம். தமிழ்ப் பத்திரிகை என்றால் கொத்து வெட்டும் பெண்கள் வாசிக்க உட்கார்ந்துவிடுகிறார்கள் என்பது சித்தப்பாவின் புகார். அவர்களில் மலையாளம் படிக்கத் தெரிந்தவர், கேரளத்து ஏலக்காய்த் தோட்டத்தில் பல காலம் வேலை பார்த்த அக்கா ஒருவர் மட்டுமே. மிச்சமிருந்த கட்டிலிருந்து அதே நாளிதழை அவர் உருவினார். முழுப் படத்தில், சாலைப் பள்ளத்தில் விழுந்த மூஞ்சூற்றைப் பிள்ளையார் தூக்கிவிட, பக்கத்தில் அமைச்சர் ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்தார்.

“ரோடு போட்டவனத் திட்டியிருக்காக. சாமியவா திட்டியிருக்காக?” என்று அக்கா சிரித்தார். “இதுக்குத்தான் தமிழ்ப் பேப்பர் வாங்குங்கன்னேன்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு வந்த படத்தில் அமைச்சரும் இல்லை, கீழே இருந்த மலையாள வாசகமும் இல்லை. படத்தை வெட்டியது யார்? முகவரியைச் சேர்த்தது யார்? செய்திப் பக்கத்தின் எண்ணுக்கு அழைத்தேன்.

“படம் உண்மைதானங்க? நாங்களா வரைஞ்சோம்?” என்றது ஓர் ஆண்குரல். “நீங்களும்தான ஊர் குரூப்ல போட்டிருக்கீக?”

நான் அவரிடம் என் பெயரையே சொல்லியிருக்கவில்லை. எங்கள் குழுவில் இருப்பவர் யாரோ அந்தச் செய்திப் பக்கத்துக்கும் வேண்டியவர் என்று அன்றிலிருந்து நம்புகிறேன், யாரென்று தெரியவில்லை.

முழுப் படத்தையும், தாள் விரித்தது நாங்களே என்பதையும் அதே குழுவில் எழுதினேன். காலையில் அந்தப் படத்தைப் பரப்பியவர்கள் எவரும் இதைப் பரப்பவில்லை. சித்தப்பா கடைவாசலுக்கே போய், கூட்டத்தின் நடுவில் தாளை விரித்துக் காட்டிய பிறகுதான் ஷட்டர் ஏறியது. வியாபாரி அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, “மொதல்ல அனுப்புனது உங்க வீட்டு நம்பருண்ணே” என்றாராம்.

அதன்பின் எங்கள் தோட்டத்துக்கு அவர் வருவதில்லை.